கிரேன்காரனின் மூச்சு

எங்கள் கம்பெனியில் தியான வகுப்பு ஆரம்பித்தபோது அதை முதலில் கிண்டல் செய்தவன் நான்தான். பிறகு ஒரு நாள்கூட விடாமல் போய் உட்கார்ந்தவனும் நான்தான். திடீரென்று ஞானம் எல்லாம் வந்துவிடவில்லை. ரத்த அழுத்தம் வந்துவிட்டது.

நான் கிரேன் ஓட்டுகிறவன். ரோட்டில் உறுமிக்கொண்டு போகும் கிரேன் இல்லை. துவாக்குடிப் பக்கம், பாய்லருக்கு வேண்டிய கனமான இரும்புச் சாமான்கள் செய்யும் கம்பெனி எங்களுடையது. ஷெட்டின் கூரைக்குச் சற்றுக் கீழே, இந்தச் சுவருக்கும் அந்தச் சுவருக்குமாக ஒரு இரும்புப் பாலம் ஓடும். அதில் தொங்கும் கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்து ஓட்டுவது என் வேலை. தரையிலிருந்து முப்பதடி இருக்கும். ஏணி ஏறி உள்ளே உட்கார்ந்துவிட்டால் டீ நேரம் வரைக்கும் என்னை யாரும் ஒன்றும் செய்ய முடியாது. சூப்பர்வைசர் கத்தினாலும் காதில் விழாது. பொண்டாட்டி போன் செய்தாலும் எடுக்கக் கூடாது, கம்பெனி சட்டம். உலகத்தில் இதைவிட நல்ல நாற்காலி எங்கே இருக்கிறது, சொல்லுங்கள்.

கீழே தரையில் எனக்குக் கை காட்டுகிறவர் ஒருவர் உண்டு. ரிக்கர் என்போம். லோடைக் கயிறு போட்டுக் கட்டி, கொக்கியில் மாட்டி, எப்போது தூக்குவது, எங்கே இறக்குவது என்று கையாலேயே சொல்வார். அவர் கையைத் தவிர வேறு யார் கையையும் நான் பார்க்கக் கூடாது. வையம்பட்டிப் பக்கத்துக்காரர், என்னைவிட ஏழெட்டு வயது இளையவர். வேலையில் கெட்டிதான். ஆனால் ஒரு கையால் எனக்கு சைகை காட்டிக்கொண்டே இன்னொரு கையால் மூக்கைச் சொறிவார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். கூண்டுக்குள்ளிருந்தே திட்டுவேன். ஷெட் சத்தத்தில் ஒரு எழுத்துக்கூட அவருக்குக் கேட்காது, ஆனால் என் வாயசைவைப் பார்த்தே எந்த வசவு என்று கண்டுபிடித்துவிடுவார். பதிலுக்கு அவரும் கீழிருந்து வாயை அசைப்பார். இப்படிப் பல வருஷமாகச் சத்தமே இல்லாமல் சண்டை போட்டுக்கொண்டிருந்தோம்.

போன வருஷ மருத்துவப் பரிசோதனையில்தான் வினை ஆரம்பித்தது. கம்பெனி டாக்டர் நிதானமான மனுஷர். என் கையில் பட்டையைச் சுற்றிக் காற்றடித்தார், பார்த்தார், மறுபடியும் அடித்தார். பிறகு மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

"இந்த பி.பி.யோட உங்களை ரொம்ப நாள் மேல ஏத்த முடியாதுங்க. மாத்திரை தரேன். வாரா வாரம் வந்து காட்டுங்க. அடுத்த மாசக் கடைசியில ஒரு முடிவு எடுத்துடுவோம்."

"என்ன முடிவுங்க டாக்டர்?"

"குறையலைன்னா கீழ வேலைதான். ஸ்டோர்ஸ்ல ஒரு இடம் இருக்குன்னாங்க."

ஸ்டோர்ஸ் என்பது எங்கள் கம்பெனியில் கழிப்பறையை ஒட்டிய, ஜன்னல் இல்லாத அறை. கம்பி வலைக்குப் பின்னால் உட்கார்ந்து, கேட்கிறவர்களுக்கு நட்டும் போல்ட்டும் எடுத்துக் கொடுக்க வேண்டும். முப்பதடி உயரத்தில் ராஜா மாதிரி இருந்தவனுக்கு அந்த வலைக்குப் பின்னால் உட்காருவது ஜெயிலுக்குப் போவது மாதிரி. அன்று கம்பெனி பஸ் காவிரிப் பாலத்தைத் தாண்டி ஸ்ரீரங்கத்துக்குள் நுழைந்தது எனக்கு நினைவே இல்லை. ராஜகோபுரத்தில் இறங்காமல் அடுத்த நிறுத்தத்துக்குப் போய்விட்டேன்.

வீட்டில் விஷயத்தைச் சொன்னதும் என் மனைவி அழுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் நேரே சமையலறைக்குப் போய் ஊறுகாய் ஜாடி, அப்பளக் கட்டு, வத்தல் டப்பா எல்லாவற்றையும் வாரிக்கொண்டு போய் எதிர் ஃபிளாட் மாமியிடம் கொடுத்துவிட்டு வந்தாள். "இத்தனை நன்னா போட்ட ஆவக்காயை யாராவது தானம் பண்ணுவாளா? க்ஷேமமா இருங்கோ" என்று மாமி வாசலில் நின்று ஆசீர்வாதம் செய்தது உள்ளே எனக்குக் கேட்டது. அன்றிலிருந்து எங்கள் வீட்டு சாம்பாரில் உப்பு என்பது ஒரு வதந்தியாகிவிட்டது.

அந்தச் சமயத்தில்தான் கம்பெனியில் தியானம் வந்தது. தொழிலாளர்களின் மனநலம், உடல்நலம் என்று மேனேஜர் கொஞ்ச நேரம் பேசினார். தினமும் காலையில் வேலை தொடங்கும் முன் பத்து நிமிஷம், எங்கள் ஷெட்டிலேயே. சொல்லிக்கொடுக்க ஒரு மேடம் வந்தார். முப்பத்தைந்து வயதிருக்கும், ஸ்கூட்டியில் வந்து இறங்குவார். குரலை உயர்த்தவே மாட்டார். அவ்வளவு மெல்லிய குரலில் பேசி ஒருவர் எங்கள் கம்பெனியில் சம்பளம் வாங்க முடியும் என்று அதுவரை நான் நினைத்ததில்லை.

முதல் நாள் நடந்ததைச் சொல்லியே ஆக வேண்டும். ராத்திரி ஷிப்டில் ஓடிக்கொண்டிருந்த எல்லா மெஷின்களையும் நிறுத்தச் சொன்னார். கிரைண்டர், வெல்டிங், புளோயர் ஒவ்வொன்றாக அடங்கியது. நாங்கள் எல்லோரும் நீல யூனிபாரத்தோடு பாயில் மல்லாந்து படுத்துக் கைகால்களைத் தளர்த்திக் கண்ணை மூடிக்கொண்டோம். "என்ன சத்தம் கேட்டாலும் கண்ணைத் திறக்காதீங்க" என்றார் மேடம்.

தொழிற்சாலையில் வேலை செய்தவர்களுக்குத் தெரியும். எங்களுக்குச் சத்தம்தான் நிம்மதி. திடீரென்று சத்தம் நின்றால் ஒன்று கரண்ட் போயிருக்க வேண்டும், அல்லது யாருக்கோ அடிபட்டிருக்க வேண்டும். அன்று விளக்கெல்லாம் எரிந்துகொண்டிருந்தது. ஆகவே யாருக்கோ அடிபட்டுவிட்டது என்பதில் பக்கத்து ஷெட்காரர்களுக்குச் சந்தேகமே வரவில்லை. அவர்களிடம் யாரும் எதையும் சொல்லியும் வைக்கவில்லை. ஸ்ட்ரெச்சரையும் முதலுதவிப் பெட்டியையும் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார்கள். வந்து பார்த்தால் ஷெட் முழுக்க ஆட்கள் வரிசையாகச் செத்துக் கிடக்கிறோம்.

"கேஸ் லீக்குடா! மூக்கப் பொத்துங்க!"

ஒருவன் ஓடிப்போய் கேஸ் லைனை மூடினான். இன்னொருவன் அபாயச் சங்கை அழுத்தினான். மேடம் ஏதோ சொல்லிப் பார்த்தாராம், அந்த மெல்லிய குரல் சங்கைத் தாண்டி யாருக்கும் கேட்கவில்லை. நாங்கள் ஒழுக்கமான மாணவர்களாயிற்றே, யாரும் கண்ணைத் திறக்கவில்லை. அது அவர்கள் பயத்தை உறுதிப்படுத்திவிட்டது. வாசலுக்குப் பக்கத்தில் கிடந்த எங்கள் ரிக்கரைத்தான் முதலில் ஸ்ட்ரெச்சரில் ஏற்றினார்கள். மேடம் சொன்னபடி உடம்பைத் தளர்த்தியவர் நிஜமாகவே தூங்கிப் போயிருந்தார். மெயின் கேட் அருகே ஆம்புலன்ஸுக்குள் தள்ளும்போதுதான் விழித்தார். விழித்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி, "டிபன் முடிஞ்சிருச்சா?"

அன்று வேலை தொடங்க நேரமாகிவிட்டது. மறுநாளிலிருந்து தியானத்துக்கு முன்னால் ஒரு நீண்ட சங்கு ஊத ஏற்பாடானது. மன அமைதிக்காக சைரன் ஊதும் இடம் எங்கள் கம்பெனி ஒன்றுதான் என்று நினைக்கிறேன்.

மற்றவர்களுக்கு தியானம் மெல்லப் படிந்தது. சிலருக்குத் தூக்கம் நன்றாக வந்தது, சிலருக்கு முதுகுவலி குறைந்ததாம். எனக்கு மட்டும் ஒன்றும் நடக்கவில்லை. "எண்ணம் வந்தா தடுக்காதீங்க. பார்த்துக்கிட்டே இருங்க, தானா போயிடும்" என்பார் மேடம். என் எண்ணங்கள் போகிற ஜாதி இல்லை. ஸ்டோர்ஸ் அறையின் கம்பி வலை வரும், வந்து சம்மணம் போட்டு உட்கார்ந்துகொள்ளும். பக்கத்தில் ஒருத்தன் குறட்டை விட்டால் அவன் மேல் கோபம் வரும். கோபப்படக் கூடாதே என்று என் மேலேயே கோபம் வரும். பத்து நிமிஷம் பல்லைக் கடித்துக்கொண்டு தியானம் செய்துவிட்டு, உட்கார்ந்தபோது இருந்ததைவிடச் சூடாக எழுந்திருப்பேன். வாரா வாரம் டாக்டர் பட்டையைச் சுற்றுவார், உதட்டைப் பிதுக்குவார். மாத்திரை ஏதோ கொஞ்சம் இழுத்துப் பிடித்திருந்தது, போதவில்லை.

சரி, கம்பெனியில் வராதது காவிரிக் கரையில் வரும் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை அம்மா மண்டபத்துக்குப் போனேன். படித்துறையில் ஓரமாக உட்கார்ந்து கண்ணை மூடினேன். "தர்ப்பணமா? வாங்கோ, கோத்ரம் சொல்லுங்கோ" என்று ஒரு குரல். இல்லை என்று தலையாட்டினேன். இரண்டு நிமிஷத்தில் இன்னொரு குரல், அதே கேள்வி. பல்லைக் கடித்துக்கொண்டு அசையாமல் இருந்தேன். கொஞ்ச நேரத்தில் மடியில் சூடாக ஏதோ விழுந்தது. கண்ணைத் திறந்தால் ஒரு குடும்பம் வரிசையாகப் பொங்கல் விநியோகம் செய்துகொண்டு போகிறது. கண்ணை மூடி உட்கார்ந்திருந்த என்னைச் சாமியார் என்று நினைத்தார்களோ வேறு என்னவென்று நினைத்தார்களோ, தொன்னையை மடியில் வைத்துவிட்டார்கள்.

வீட்டுக்கு வந்து சொன்னேன். என் மனைவி ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள். "பொங்கல்ல உப்பு இருந்துச்சா?"

இருந்தது. அதற்காகவே நான் அதை மிச்சம் வைக்காமல் சாப்பிட்டிருந்தேன்.

விஷயம் பிடிபட்டதும் அன்றுதான், மத்தியானச் சாப்பாட்டில். முந்தின நாள் ஒரு பெரிய டிரம்மைத் தூக்கியிருந்தேன். டிரம் என்றால் தண்ணீர் பிடிக்கிற டிரம் இல்லை, ஒரு பஸ் நீளத்துக்கு இருக்கும் பாய்லர் உருளை. அதை இரண்டு மெஷின்களுக்கு நடுவில், இரண்டு பக்கமும் ஒரு ஜாண்கூட இடம் இல்லாமல் இறக்கிய கதையை என் மனைவிக்கு நடித்துக் காட்டிக்கொண்டிருந்தேன். குழம்புப் பாத்திரம்தான் டிரம். பாத்திரத்தின் காதுகளை இரண்டு துணியால் பிடித்து மேஜைக்கு மேல் மெல்லத் தூக்கி, ரசச் சட்டிக்கும் தண்ணீர்க் குடத்துக்கும் நடுவில் கொண்டுபோய், லேசாக, லேசாக...

"ஏங்க! மூச்ச விடுங்க!" என்று அவள் அலறினாள். "முகமெல்லாம் செவந்து போச்சு. என்ன பண்றீங்க?"

பாத்திரத்தை வைத்துவிட்டு மூச்சு வாங்கினேன்.

"இது இப்ப மட்டுமா? இல்ல அங்க மேலயும் இப்படித்தானா?"

எனக்குத் தெரியவில்லை. இத்தனை வருஷம் ஓட்டியவனுக்கு லோடின் மூலை முடுக்கெல்லாம் தெரியும், தன் நெஞ்சுக்குள் என்ன நடக்கிறது என்று தெரியவில்லை. மறுநாள் கூண்டுக்குள் உட்கார்ந்து முதல் வேலையாக அதைத்தான் கவனித்தேன். கொக்கியில் கனம் ஏறிய கணத்தில் என் நெஞ்சு பூட்டிக்கொண்டது. லோடு போய்த் தரையைத் தொட்டு, கயிறு தளர்ந்த பிறகுதான் திறந்தது. அடுத்த லோடுக்கும் அப்படியே. காலையிலிருந்து மாலைவரை தூக்குகிற ஒவ்வொன்றையும் மோட்டாரோடு சேர்ந்து நானும் தூக்கிக்கொண்டிருந்தேன்.

அடுத்த நாள் வகுப்பு முடிந்ததும் மேடத்திடம் போய்ச் சொன்னேன். அவர் உடனே எல்லோரையும் உட்காரச் சொல்லி, "வேலை செய்யும்போது வேற யாரெல்லாம் மூச்சைப் பிடிக்கிறீங்க?" என்று கேட்டார். முதலில் ஒரு வெல்டர் கையைத் தூக்கினார். கை ஆடாமல் இருக்க அவர் மூச்சை நிறுத்துவாராம். கிரைண்டிங்காரர் தூசிக்காக. அளவெடுக்கிறவர் கோடு பிசகாமல் இருக்க. ஒவ்வொன்றாகக் கை உயர்ந்து, கடைசியில் ஷெட்டில் பாதிக்கு மேல் கைகள். மேடம் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்துவிட்டார்.

"மூச்சை நிறுத்தி சம்பாதிக்கிறவங்ககிட்ட வந்து, மூச்சை கவனிங்கன்னு இவ்வளவு நாளா சொல்லிக்கிட்டிருக்கேன் பாருங்க!"

அன்றோடு மல்லாந்து படுப்பது ஒழிந்தது. அவரவர் இடத்தில் நின்றோ உட்கார்ந்தோ, அவரவர் வேலையைக் கையில் எதுவும் இல்லாமல் செய்துகாட்ட வேண்டும், மூச்சை விட்டுக்கொண்டே. வெல்டர்கள் காற்றில் வெல்டிங் செய்தார்கள். நான் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து இல்லாத கைப்பிடிகளைத் தள்ளினேன். ரிக்கர் எதிரே நின்று எனக்குக் கை காட்டினார். "லோடு இறங்க இறங்க நீங்களும் மூச்சை இறக்குங்க சார்" என்றார் மேடம். அந்தப் பத்து நிமிஷம் ஸ்டோர்ஸ் அறை என் ஞாபகத்துக்கு வரவே இல்லை. முதல்முறையாக.

மேலே உட்கார்ந்து நிஜ லோடோடு செய்வது அவ்வளவு சுலபமில்லை. கனம் ஏறியதும் பழைய பூட்டு தானாக விழுந்துவிடும். ரிக்கர் அதைக் கீழிருந்தே கண்டுபிடித்தார். எப்படியென்று கேட்டால், "உங்க தோள்பட்டை காதுக்குப் போயிடுதுண்ணே" என்றார். அன்றிலிருந்து சைகைகளுக்கு நடுவே புதிதாக ஒன்றைச் சேர்த்துக்கொண்டார். நெஞ்சில் கையை வைத்து, வெளியே தள்ளுவார். விடு என்று அர்த்தம். பாதுகாப்புப் புத்தகம் எதிலும் இல்லாத சைகை. எனக்கு ஆத்திரம்தான் வந்தது, இவன் யார் என் மூச்சுக்குக் கை காட்ட என்று. ஆனாலும் அவர் கை வெளியே போகும்போதெல்லாம் என் மூச்சும் சேர்ந்து வெளியே போனது.

மாதக் கடைசி வந்தது. டாக்டரின் அறைக்குப் போனேன். எனக்குப் பதிலாக வேறொரு பையனைக் கிரேனில் ஏற்றியிருந்தார்கள். டாக்டர் பட்டையைச் சுற்றிக் காற்றடித்தார். பட்டை இறுகியதும் என் நெஞ்சும் இறுகியது. அவர் பார்த்தார். பட்டையைக் கழற்றினார்.

"குறைஞ்சிருக்கு. ஆனா இன்னும் வரம்புக்குள்ள வரலை. கொஞ்ச நேரம் வெளிய உக்காந்துட்டு வாங்க, திரும்பப் பார்ப்போம்."

வெளியே பெஞ்சில் எங்கள் ரிக்கர் உட்கார்ந்திருந்தார்.

"இங்க என்னய்யா பண்ற?"

"தலைவலிண்ணே. மாத்திரை வாங்க வந்தேன்."

பக்கத்தில் உட்கார்ந்தேன். உண்மையைச் சொல்கிறேன், பயமாக இருந்தது. ஸ்டோர்ஸ் அறையில் எந்தப் பக்கம் நாற்காலி போட்டால் வெளிச்சம் வரும் என்றுகூட யோசிக்க ஆரம்பித்துவிட்டேன். அப்போது தூரத்தில் எங்கள் ஷெட்டிலிருந்து என் கிரேனின் மணி கேட்டது. தொடர்ந்து தடார் என்று ஒரு நிறுத்தம். மறுபடியும் கிளம்பி, மறுபடியும் தடார்.

"கேக்குதாண்ணே?" என்றார் ரிக்கர். "பிரேக் புடிக்கிறானா, இல்ல மிளகா இடிக்கிறானா?"

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அடக்கப் பார்த்தேன், முடியவில்லை. அவருக்கும். அடுத்த தடார் கேட்டதும் இருவரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தோம். அறைக்குள்ளிருந்து நர்ஸ் எட்டிப் பார்த்து முறைத்தார். சிரித்து ஓய்ந்தபோது உடம்பே லேசாக இருந்தது. இருவரும் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தோம். மூச்சு தன்பாட்டுக்குப் போய் வந்துகொண்டிருந்தது. பிறகு உள்ளே போனேன்.

டாக்டர் வலது கையில் பார்த்தார். இடது கையிலும் பார்த்தார். "ம்" என்றார். அந்த ஒரு எழுத்துக்காக ஒன்றரை மாதம் காத்திருந்தேன்.

"வரம்புக்குள்ள வந்துடுச்சு. ஏறுங்க. மாத்திரையை நிறுத்தக் கூடாது, உப்பும் அப்படியேதான்."

பெருமையை மூச்சுக்கு மட்டும் கொடுத்தால் மாத்திரைக்கும் என் மனைவியின் சாம்பாருக்கும் துரோகம் செய்தவனாவேன். மூன்றும் சேர்ந்துதான் இழுத்தன. வெளியே வந்து பார்த்தால் பெஞ்ச் காலி. ரிக்கர் போயிருந்தார். மாத்திரை வாங்கினாரா என்று நர்ஸிடம் கேட்டேன். "அவர் எதுவும் கேக்கலையே. நீங்க உள்ள போனதிலேர்ந்து சும்மா உக்காந்திருந்தார்" என்றார்.

ஷெட் வாசலில் சூப்பர்வைசர் ஓடி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"டாக்டர் போன் பண்ணிட்டாரு. அப்பாடா, தப்பிச்சேன். உங்க ஆளு காலையிலேயே சொல்லிட்டாரு, வேற யாரு ஏறினாலும் கொக்கிப் பக்கம் நிக்க மாட்டேன்னு. நீங்க ஸ்டோர்ஸ்க்குப் போனா அவரும் பெயிண்டிங் ஷெட்டுக்குப் போயிடுவாராம். ஒரே நாள்ல ரெண்டு பேரை எங்கேர்ந்து புடிப்பேன்?"

ரிக்கர் ஒரு தூணுக்குப் பக்கத்தில் கயிற்றைச் சுருட்டிக்கொண்டிருந்தார். நேரே போய் நின்றேன்.

"யோவ், பெயிண்டிங்குக்குப் போறேன்னியாமே?"

"அங்க ஃபேன் நல்லா ஓடும்ணே."

"விளையாடாத. நிஜத்தைச் சொல்லு."

கயிற்றைச் சுருட்டி முடிக்கும்வரை அவர் நிமிரவில்லை.

"அஞ்சு டன்னு, பத்து டன்னு தலைக்கு மேல போவுதுண்ணே. மேல யாரு உக்காந்திருக்காங்கன்னு பார்க்காம அதுகிட்ட எப்படி நிக்கிறது? வீட்டுல கேக்குறப்பல்லாம், மேல அண்ணன் இருக்காருன்னுதான் சொல்லிட்டு வரேன்."

இத்தனை வருஷமும் மேலிருந்து பார்க்கும்போது எனக்குத் தெரிந்ததெல்லாம் ஒரு மஞ்சள் ஹெல்மெட்டும் இரண்டு கைகளும்தான். ஹெல்மெட்டுக்குள் இருந்த தலையை அந்த ஆள் தினமும் காலையில் என்னை நம்பிக் கொண்டுவந்து வைத்திருக்கிறார். நான் என் நாற்காலி போகிறதே என்று மட்டும் கவலைப்பட்டுக்கொண்டிருந்தேன். அவர் தோளில் ஒரு தட்டு தட்டினேன். கொஞ்சம் பலமாகவே விழுந்துவிட்டது போலிருக்கிறது, தோளைத் தேய்த்துக்கொண்டார்.

ஏணியில் ஏறினேன். பாதியில் நின்று, யாரும் பார்க்கிறார்களா என்று பார்த்துவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டேன். கீழே அவர் முதல் லோடுக்குக் கயிற்றை மாட்டிவிட்டு, என்ன நேரமாகிறது என்பது போல மணிக்கட்டைத் தட்டிக் காட்டிக்கொண்டிருந்தார்.